நெருப்புக்குள் கையை விட்டவனுக்கு

நேற்று எதிர் வீட்டுக்காரர் குப்பையைக் கொளுத்தினார். மாத்திரை அட்டை கருகும் நாற்றம் மூக்கில் ஏறியதும் "தண்ணிய ஊத்தும்வே!" என்று நான் கத்தின கத்தலில் அந்த மனுஷன் பயந்தே போனார். உன்னைப் புதைத்து ஒன்பது வருடமாகிறது. அவருக்கு உன்னைத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். பிள்ளைகள் சினிமாக் கொட்டகைக்குப் போகிறார்கள், சபை செத்துவிட்டது என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்த காலம். நெய்வேலியில் நம் குவார்ட்டர்ஸை ஒட்டிய மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். விசுவாசம் உள்ளவன் மருந்தைத் தொடமாட்டான் என்று வெளியூர்ப் பிரசங்கியார் முழங்கினார். மேடைக்கு முன்னால் ஒரு பீப்பாயில் தீ. ஜனங்கள் மூக்குக்கண்ணாடி, இருமல் மருந்து என்று கொண்டுவந்து எறிந்து சாட்சி சொன்னார்கள். நான் என் மகளின் வலிப்பு மாத்திரைகளோடு எழுந்தேன். அவளுக்கு எட்டு வயது.

நீ குறுக்கே வந்தாய். மைன்ஸில் என்னோடு ஒரே ஷிஃப்ட். சேத்தியாத்தோப்புப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். நீ ஞானஸ்நானம் எடுத்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

"வேணாண்டா. சொகம் குடுக்கறது ஆண்டவரு இஷ்டம். அவர மெரட்டிகினு நிக்கறதாடா விசுவாசம்?"

"நேத்து ஞானஸ்நானம் எடுத்த பய, நாலு தலைமுறைக் கிறிஸ்தவனுக்கு வேதம் சொல்லுதியோ? தள்ளுலே!"

எறிந்தேன். நீ பீப்பாய்க்குள் கையை விட்டாய். சட்டைக் கை பற்றிக்கொண்டது. அட பாவி, அப்போதும் கையை எடுக்கவில்லையே! நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி வந்திருந்ததால் என் கையில் டிபன் கேரியர் இருந்தது. அதாலேயே உன் வாயில் அடித்தேன். இரண்டு பல் தெறித்தது. "சாத்தான்! சாத்தான்!" என்று அலறிக்கொண்டு மற்றவர்கள் மிதித்தார்கள். சபை மூப்பர் ஒருவர் இரும்பு நாற்காலியைத் தூக்கி உன் முதுகில் போட்டார். பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து, தலையைத் தரையில் மோதி மோதி, நிற்கவே இல்லை. நான் முழங்காலில் கிடந்து கத்தினேன். என் மனைவி என்னை ஓங்கி அறைந்துவிட்டு உன் வீட்டுக்கு ஓடினாள். கட்டுப்போட்ட கையோடு நீதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாய். தீயிலிருந்து எடுத்த கருகின அட்டையைக் காட்டி, இன்ன மருந்து என்று டாக்டருக்குச் சொன்னவனும் நீதான். பிழைத்தாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் நற்கருணை; அப்பமும் ரசமும் கொடுக்கும் நாள். எந்த முகத்தோடு போய் வாங்குவேன்? எழுந்து வெளியே நடந்தேன். நீ வாசல்வரை வந்து, என் காலரைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் தரதரவென்று இழுத்துப் போய்ப் பீடத்தடியில் தள்ளினாய். வீங்கின வாயால் சொன்னாய்: "யோக்கியன் வாங்கறதுக்காடா இத்த வெச்சிருக்காரு? மண்டி போடு."

இன்று கோயிலில் பாதி பெஞ்சு காலி. எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் புலம்புகிறார்கள். எனக்குப் பயமில்லையடா. உன் பல்லை உடைத்த கையைத்தான் வாராவாரம் அந்த அப்பத்துக்கு நீட்டுகிறேன். அவர் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.