மைக் சோதிக்கும் வார்த்தை

லாகோஸ்

அன்புள்ள அம்மாவுக்கு செலோர்ம் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். இங்கே தேவாலயச் சபைக்கு நான் செய்த ஆம்ப்ளிஃபயரில் முதல் இரண்டு டிரான்சிஸ்டர்கள் குரலைப் பெரிதாக்கும். கடைசி டிரான்சிஸ்டர் பெரிதாக்காது; ஸ்பீக்கரைப் பேசவைக்கும் தெம்பை மட்டும் கொடுக்கும். அதையும் மற்றவை போலவே இணைத்துவிட்டு, சத்தம் எழாமல் திண்டாடினேன். பிறகு மாற்றி இணைத்தேன். இதுவும் பலிக்காது என்ற சலிப்பில், மைக் பக்கத்தில் நம் எவே மொழியில் முணுமுணுத்தேன்: "அம்மா, நான் எப்பம்மா வீட்டுக்கு வருவேன்?"

தெருவுக்கே கேட்டது.

"என்னப்பா சொன்ன?" என்றார் எவே தெரியாத பாஸ்டர் அடெவுமி.

"மைக் டெஸ்ட் பண்ண எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம், ஐயா."

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காய்ந்த நெத்திலி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் பரவாயில்லை.

இப்போது ஞாயிறுதோறும் பாஸ்டர் மைக்கைத் தட்டி அதையே சொல்கிறார். சபையும் திருப்பிச் சொல்கிறது. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

செலோர்ம்