கொழுந்தன் வாழைக்குச் சொட்டுநீர்

கணவன் ஆறுச்சாமி விடியும் முன்பே சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான். பனியன் கம்பெனி வேன் வருவதற்குள் மயிலாத்தாள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

“ஏனுங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். குழம்பைச் சுட வெச்சுக்கோங்க. சாவி மாடு கட்டற கட்டுத்தாரை விட்டத்துல இருக்குது.”

அதோடு நிறுத்த மனம் வரவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சொட்டுநீர் மானியத்துக்கு மனுக் கொடுத்தார்கள். கொழுந்தன் முகிலனுக்கு மட்டும் வந்தது. அவன் பெண்டாட்டி தேவிப்பிரியா நேற்று வேலியோரம் நின்று, “வால்வைத் திருப்புனாப் போதுமுங்கக்கா, வாழை தானாக் குடிச்சுக்குது” என்றாள். மயிலாத்தாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. “தம்பிக்கு வந்தா நமக்கு வந்த மாதிரிதான்” என்று ஆறுச்சாமி சிரித்ததில் ராத்திரி சண்டையே வந்துவிட்டது.

“இன்னைக்கு ஆபீசர் வந்து குழாயைப் பாக்கறாராமா. நீங்க அங்க போய்ப் பல்லைக் காட்டீட்டு நிக்க வேண்டாம்.”

வேன் ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

“எப்படியும் போவீங்கன்னு தெரியும். பீரோவுல தேச்ச சட்டை இருக்குது, அதைப் போட்டுட்டுப் போங்க. தேவிப்பிரியா முன்னால கிழிஞ்ச பனியனோட நிக்காதீங்க. நம்ம மனு என்னாச்சுன்னு ஆபீசருகிட்டக் கேளுங்க. அவளுக்குக் கேக்கற மாதிரி சத்தமாக் கேளுங்க.”