மொய்க் கவரில் போன கேஸ் பணம்

ஆவணி, ஞாயிறு இரவு.

பெரிய பேரன் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேத்தி நித்யா பல் டாக்டருக்குப் படிக்கிறாள். சின்னவன் செஸ்ஸில் கப் வாங்கினான். மூவரும் இந்தத் தாம்பரம் வீட்டில் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் நித்யா குடும்ப குரூப்பில் போட்டது கோவிலம்பாக்கத்துப் பாட்டியின் படத்தை, அதாவது என் சம்பந்தியம்மாளை. மாதச் செலவுப் பணத்தை மொய்க் கவர்களில் பிரித்து வைக்கிறாளாம். கவர் காலியானால் அந்தச் செலவு அந்த மாதம் கிடையாதாம். எல்லோரும் கைதட்டிப் போட்டிருந்தார்கள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இதைத்தானே டப்பாக்களில் செய்கிறேன்? பாலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று. அதை யார் படம் எடுத்தார்கள்?

வயிறு எரிந்தது. நானும் ஒரு ரூபாய் ஒட்டிய கவர்கள் வாங்கி, டப்பாப் பணத்தை அவற்றில் மாற்றினேன். இன்று காலை பக்கத்துத் தெரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிய மகன், மேலே இருந்த கவரை எடுத்துப்போய் மொய் வைத்துவிட்டான். பின்பக்கம் 'கேஸ்' என்று எழுதியிருந்ததை அவன் பார்க்கவில்லை. மத்தியானம் சிலிண்டர் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

மருமகள் உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னா சம்பந்தி, கேஸ் துட்டையா மொய் வெச்சீங்க? அவங்க வூட்டு அடுப்பு நல்லா எரியும் போங்க!"

ஸ்பீக்கரில் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நித்யாவும்தான்.

டப்பாவை எவனாவது மொய் வைப்பானா?

டப்பாக்களைத் தேய்த்து, பணத்தைத் திரும்பப் போட்டு அடுக்கிவிட்டேன். நித்யா, விடிந்ததும் படம் எடுத்துப் போடு. அரக்குப் புடவை கட்டிக்கொண்டு நானும் பக்கத்தில் நிற்கிறேன். அந்தக் கவர் படத்தை மட்டும் குரூப்பிலிருந்து நீக்கிவிடு.