ஜாடியிலிருந்து ஜாடிக்கு

ஜனவரி 11
அடிமண்டி கலங்காமல் ஆலிவ் எண்ணெயைப் புது ஜாடிகளுக்கு மாற்றினேன். பாதி முடிந்தது. ஒவ்வொன்றிலும் வருஷத்தை நானே எழுதினேன். எழுபத்து நாலு வயதில் கற்ற எழுத்து, சும்மா விடுவேனா? என் மனைவி பெலாயியா பார்த்துவிட்டு, "எண்ணெயைவிட மைதான் அதிகம் செலவாகுது" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

ஜனவரி 14
மித்திலினி நகரத்து ஆஸ்பத்திரி. பெலாயியாவின் வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. சொல்லவே இல்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டுமாம். வீட்டார் யாராவது கொடுக்க வேண்டுமாம். நான் கையை நீட்டினேன். "தாத்தா, உங்க வயசுக்கு நாங்கதான் குடுக்கணும்" என்றாள் நர்ஸ். எங்கள் மகள் மிர்சினியை வரச் சொன்னேன்.

ரத்தம் ஏற்றும் அறையின் கதவில் நீளமாக ஒரு சொல். எழுத்துக் கூட்டினேன்: மெதாங்கிஸி. அட, எண்ணெய் மாற்றுவதற்கு நாங்கள் சொல்லும் அதே சொல். ஆங்கியோன் என்றால் பழைய கிரேக்க மொழியில் பாத்திரம் என்று மாலைப் பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். பாத்திரம் விட்டுப் பாத்திரம். சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் பெலாயியாவிடம் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

"யார் பாத்திரம்?"
"மிர்சினி."
"ஊத்தின ஜாடி காலியாயிடும்ல? எம் பொண்ணைக் கவுத்து என்னை நிரப்பப் போறீங்களா? வேணாம்."

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜனவரி 15
இன்னும் மறுக்கிறாள். மறுபடி கசிந்தால் தாங்க மாட்டாள் என்கிறார் டாக்டர். கொடுத்தவருக்கு ரத்தம் திரும்ப ஊறிவிடும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார். "ஜாடியில எண்ணெய் ஊறி நீங்க பாத்திருக்கீங்களா, டாக்டர்?" குரல் எழும்பவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

அந்தக் கதவை நான் ஏன் படித்தேன்? படிக்கத் தெரியாதவனாகவே — இல்லை, அப்படி எழுத மாட்டேன். ஆனால் இவள் போய்விட்டால்?

அன்றே, சாயங்காலம்
மிர்சினி யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டாளாம். கையில் பஞ்சு, வாயில் எள்ளு வளைய ரொட்டி, வரும்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள். "வண்டியை ஆம்புலன்ஸ் வழியில போட்டு வெச்சிருக்கீங்களேப்பா! கேட்லேருந்து திட்டு வாங்கிட்டு வரேன்." அடுத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன பெரிய ராணியா? கையை வெளிய எடு." பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பெலாயியா கண்ணைத் திறந்து மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்ப குடுத்த?"
"காலையில."
"இது காலியான ஜாடி மாதிரி தெரியலையே."

கை மெல்ல வெளியே வந்தது.

பிப்ரவரி 6
மீதி ஜாடிகளையும் மாற்றி முடித்தேன். பெலாயியா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். காலை முதல் மூன்று முறை திட்டிவிட்டாள். உள்ளே ஓடுவது அசல் மிர்சினி.