ஓரத்தில் இரண்டு அடி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. ஆலையின் பெரிய புகைபோக்கியில் இடி விழுந்து மேல்பாதி சரிந்த வருடம் உனக்கு நினைவிருக்காது. அப்போது உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த வருடம் ஆற்றில் இரண்டு முறை வெள்ளம் வந்தது, ஆலைக்குப் புது மேனேஜர் வந்தார், உன் பெரியப்பா செத்தார். விபத்து என்று மட்டும் உன்னிடம் சொல்லி வைத்தோம். எப்படி நடந்தது என்று இன்றைக்குச் சொல்கிறேன். நீ கையெழுத்துப் போடப் போகிறாயே, அதனால்.

உன் சாலை ஆபீசிலிருந்து நீ அனுப்பிய கேள்விப் படிவம் வந்து சேர்ந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மொட்டைத் தலை வரைந்திருக்கிறீர்கள். முதல் மொட்டை பல்லைக் காட்டுகிறான், கடைசி மொட்டை அழுகிறான். இந்தச் சாலையில் சைக்கிளில் போகும்போது உங்களுக்குப் பயம் உண்டா, ஒரு மொட்டையைத் தொடுங்கள் என்கிறீர்கள். சிரித்துவிட்டேன். பிறகு அக்கா உன் கடிதத்தை வாசித்தாள். ஆற்றுப் பாலத்தில் ஓரமாக இரண்டு அடி விட்டு வெள்ளைக் கோடு போடப் போகிறீர்களாம். சைக்கிள்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள்ளேயே போக வேண்டுமாம், தாண்டினால் அபராதமாம். மாதக் கடைசியில் உன் கையெழுத்து விழுந்தால் வேலை தொடங்கிவிடுமாம். 'உங்களை மாதிரி சைக்கிள்ல போறவங்களுக்காகத்தான்பா இவ்வளவும்' என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதோடு என் சிரிப்பு போய்விட்டது.

முதலில் உன் கேள்விகளுக்குப் பதில். பங்களாத் தெருவில் கார்கள் மெதுவாகத்தான் போகும். உள்ளே இருப்பவர்கள் மட்டும் நம்மைத் திருட வந்தவனைப் போலப் பார்ப்பார்கள். அங்கே உயிருக்குப் பயமில்லை, மானத்துக்குத்தான். இரண்டாவது மொட்டை. சந்தைத் தெருவில் லாரி, கார், கைவண்டி, மூட்டை தூக்குகிறவன் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். 'யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா' என்று கார்க்காரன் கேட்பான். 'நான் சொல்லிட்டுதான் வந்தேன், நீதான் கண்ணை வீட்ல வச்சிட்டு வந்திருக்க' என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். அந்தத் தெருவுக்குப் பல்லைக் காட்டுகிற மொட்டையையே போட்டுக்கொள். திட்டுகிறவன் நம்மைப் பார்த்துவிட்டான். பாலத்தில் எவனும் திட்டுவதில்லை. பாலத்துக்கு உன் ஐந்து பேரில் ஒருவனும் பொருந்தவில்லை. காலியாக விடச் சொன்னேன்.

ஆலைக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்துதான் போவோம். உன் பெரியப்பா, நெட்டையன், பாட்டுக்காரன், வெல்டர், நான். முன்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இரண்டு ஜோடி. பாலம் ஏறுமுன் உன் பெரியப்பா, 'இன்னிக்கு காரு பக்கம் யாருடா' என்று கேட்பார். முறை வைத்து மாறிக்கொள்வோம். ஜோடியாகப் போனால் கார்க்காரன் நம்மை உரசிக்கொண்டு போக முடியாது. தாண்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கம் முழுசாக ஏற வேண்டும், அதற்கு எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பழகினவன் நம்மையும் பார்ப்பான். பின்னால் ஹாரன் அடித்தால் பாட்டுக்காரன் அதற்கு ஏற்றபடி ராகத்தை இழுப்பான். பதினாறு வருடம் ஒருவருக்கும் கீறல் விழவில்லை.

புது மேனேஜரின் கார் ஒரு நாள் எங்கள் பின்னால் மாட்டிக்கொண்டது. பாலம் முடியும்வரை அவர் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. மறுவாரம் ஆலை வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். வாசலில் இருந்த காவலாளி படித்துச் சொன்னார். பாலத்தில் தொழிலாளர்கள் ஓரமாக, ஒற்றை வரிசையில் வர வேண்டும், மீறினால் உள்ளே விடமாட்டார்கள். நெட்டையன் ஒப்புக்கொள்ளவே இல்லை. 'ஓரமா ஒதுங்கினா நம்மள ஒரு ஆளாவே மதிக்க மாட்டான்டா' என்றான். உன் பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். 'வேலையே போச்சுன்னா பாலம் எதுக்குண்ணே? ஓரமாவே போவோம்' என்று. என் வாய்தான் சொன்னது.

பதினோராவது நாள். உன் பெரியப்பா எனக்கு முன்னால் போனார். ஒரு கார் வேகத்தைக் குறைக்காமல் என்னைத் தாண்டியது. அதன் பக்கக் கண்ணாடி அவருடைய ஹேண்டில்பாரைத் தட்டியது. தட்டியதுதான், இடிக்கக்கூட இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடை உயரம். சைக்கிள் என் காலடியில் கிடந்தது, சாப்பாட்டுத் தூக்கு அதில் மாட்டினபடியே இருந்தது. அண்ணனைக் காணோம். ஆற்றில் அன்று வெள்ளம் வடிந்திருக்கவில்லை.

ஓட்டியவன் குடிகாரன் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். விசாரணையில் அவன் சொன்னது ஒரே வாக்கியம். 'இடம் இருந்துச்சுங்க, அதனாலதான் போனேன்.' பொய் சொல்லவில்லை. இடம் இருந்தது. நாங்கள் ஒதுங்கிக் கொடுத்த இடம். மேனேஜர் பலகை வைத்து வாங்கிக் கொடுத்த இடம். அதையே நீ பெயின்ட் அடித்துக் கொடுக்கப் போகிறாய். இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, உனக்குத் தோன்றியது அந்தப் பலகைதானா?

இப்போது அக்காவைப் பற்றி. எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 'அவன் பயந்துடுவான்பா' என்கிறாள். பயப்படட்டும், எழுது என்றேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆறு மணிக்கு வேலை என்று உனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவும் இவளும் பாலத்தில் ஜோடியாகத்தான் போகிறார்கள். நான் சொல்லவில்லை, உயிர்ப் பயம் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. போன வாரம் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா தனியாக, ஓரமாகப் போனாள். ஒரு கார்க் கண்ணாடி முழங்கையில் பட்டது. நான்கு நாள் முழுக்கைச் சட்டை போட்டு என்னிடம் மறைத்தாள். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்னொன்று. போன முறை நீ மழையில் விடிகாலையில் காரில் வந்து இறங்கினாய். அன்று ராத்திரி சாப்பிடும்போது, 'ரெண்டு பொம்பளைங்க பாலத்தையே அடைச்சுக்கிட்டு போறாங்கப்பா, எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் நகரல, இவங்களுக்கெல்லாம் ஒரு கோடு கிழிச்சாத்தான் புத்தி வரும்' என்றாய். அக்கா உனக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டுக்குள் இருந்தது யார் என்று உனக்குத் தெரியவில்லை. உன் காரின் எண் அவளுக்குத் தெரிந்தது. நீ போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். 'தம்பி அவசரமா வந்திருப்பான்பா' என்று உனக்காகப் பேசவும் செய்தாள்.

உன்னைக் கோர்ட்டில் நிறுத்த எனக்கு ஆசை இல்லை. கேட்பது ஒன்றுதான். கோடு வேண்டாம். முழங்கால் உயரத்துக்குச் செங்கல்லில் ஒரு தடுப்புக் கட்டு, அதற்கு அந்தப் பக்கம் கார் போகட்டும், இந்தப் பக்கம் நாங்கள் போகிறோம். கட்ட முடியாது என்றால் எதையும் செய்யாதே, அவர்கள் ஜோடியாகப் போகட்டும், கார்கள் காத்திருக்கட்டும். மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை என்றால் அவர்களை இங்கே அனுப்பு. காலை ஐந்தரைக்கு ஆளுக்கொரு சைக்கிள் தருகிறேன், ஓரமாகப் போய்விட்டு வந்து மொட்டையைத் தொடட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும், அந்தக் காகிதத்தில் அது படாமல் இருக்க வேண்டும். அப்பன் கோபத்தில் பேசுகிறான் என்று ஒதுக்கிவிடாதே. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. உன் பெரியப்பா பாலத்தில் போனார். நெட்டையனும் அதே பாலத்தில், அதே ஓரத்தில், மூன்று வருடம் கழித்து. பாட்டுக்காரன் பயந்து வேலையை விட்டான், இருமி இருமிச் செத்தான். வெல்டர் போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். மிச்சம் இருப்பது, கீழே பெருவிரல் வைத்திருக்கும் உன் அப்பன் ஒருவன்தான்.