லண்டனிலிருந்து திறந்த பட்டியல்

லண்டன்
3.7.1999

அன்புள்ள அத்தான்,

மகளும் குழந்தையும் சுகம். பிரஷர் குளிசையை நேரத்துக்கு எடுக்கிறீர்களா?

இங்கே மகளின் பக்கத்து வீட்டு அன்ரனெற் தன் தம்பி யூட்டைத் தேடுகிறாள். ஒன்பது வருடமாகக் கடிதமில்லை. கனடாவில் கண்டதாக யாரோ சொன்னார்களாம். ஊரில் நான் படிப்பித்த பள்ளியில் படித்தவன். என் பழைய மாணவர் பட்டியலில் இருக்கலாம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எனக்கு நினைவில்லை. பட்டியல் நம் வீட்டுக் கொம்பியூட்டரை விட்டு வெளியே போகாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்ததால் அதன் பிரதியைக் கொண்டுவரவில்லை.

இங்கிருந்தே நம் கொம்பியூட்டருக்குள் போக மருமகன் வினோதன் வழி செய்திருக்கிறார். பயப்படாதீர்கள். பரீட்சை வினாத்தாள் கட்டு பஸ்ஸில் வரும், பத்துக் கை மாறும். அரக்கு முத்திரை மண்டபத்தில்தான் உடையும். இதுவும் அப்படித்தான். வழியில் பார்ப்பவனுக்குக் குழம்பிய எழுத்துத்தான் தெரியும். திறக்கும் சொல் என்னிடம் மட்டும்.

பதினேழாம் திகதி சனி மத்தியானம் கொம்பியூட்டரைப் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
குணவதி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
18.7.1999

அன்பின் குணவதி,

நேற்றுக் கண்டதை இன்னும் நம்ப முடியவில்லை. தேத்தண்ணியோடு இருக்கிறேன், திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது! கோப்புத் திறந்தது, பெயர்கள் ஓடின. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உம்முடைய கை, எங்கள் சாப்பாட்டு மேசையில். எழும்பி நின்றுவிட்டேன்.

அப்போதுதான் இடி முழங்கியது. ஊர்ப் பழக்கம், யோசிக்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டேன். ஏசாதேயும்.

இராஜரட்ணம்

லண்டன்
27.7.1999

அத்தான்,

ஏசத்தான் போகிறேன். பட்டியலைக் காட்டக்கூடாதென்று அன்ரனெற்றை மேசைக்கு எதிரே இருத்தியிருந்தேன். திரை கறுத்ததும் என் முகம் மாறியதைக் கண்டுவிட்டாள். "தம்பி இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ ரீச்சர். ஏன் மறைக்கிறியள்?" என்று எழும்பிப் போனவள்தான். இடி என்றால் நம்புகிறாளில்லை. இங்கே நல்ல வெயில்.

நீங்கள் திரும்பப் பிளக்கைச் செருகியிருந்ததால் சனிக்கிழமை தனியாக இருந்து பட்டியலைத் திறந்து பார்த்தேன். யூட் இருக்கிறான், ஒஷாவாவில். "விலாசம் ஆருக்கும் குடுக்க வேண்டாம்" என்று அவனே எழுதித் தந்திருக்கிறான். எனக்கு நித்திரை இல்லை. அவன் சொல்லாமல் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போய்க் கேளுங்கள்.

குணவதி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
22.8.1999

அன்பின் குணவதி,

நேற்று அன்ரனெற்றைத் திரும்பக் கூட்டிவந்து இருத்திய பிறகு உங்கள் பக்கத்தில் நடந்தது உமக்குத் தெரியும். என் பக்கத்தை எழுதுகிறேன்.

ஒஷாவாவில் யூட் முதலில் மறுத்தான். "அப்பர் செத்ததுக்கும் ஒரு வரி எழுதேல்லை, அங்கிள். இப்ப எந்த முகத்தோடை?"

"முகம் ஆருக்கடா வேணும்? எங்கட வீட்டுத் திரையிலை எழுத்து மட்டும்தான் தெரியும்," என்றேன். நேற்று வந்தான்.

வெற்றுத் திரையில், ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக வந்தது: தம்பி. கதிரையோடு பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"அங்கிள், உது அக்காவோ, ரீச்சரோ?"

"கேட்டுப் பார்."

ஒற்றை விரலால் அடித்தான்: என்னை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறது?

பிறகு: மொக்கன். இப்பவும் மொக்கன்தான்.

சிரித்தான், குணவதி. சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான். பிறகு, யாரும் கேளாமலே, தன் விலாசத்தை அடிக்கத் தொடங்கினான். கதவு நம்பர், தெரு, தபால் குறியீடு, வேலையால் வீட்டுக்கு வரும் நேரம் வரைக்கும்.

அன்புடன்,
இராஜரட்ணம்