சிலிக்கன் பூசிய சென்சர்

ஞாயிறு, இரவு.

ரூபன் அண்ணையின் பயண வீடியோ ஒன்றையும் நான் விட்டதில்லை. அவருடைய பழைய கேம்பர் வான் இன்று எங்கள் ஒழுங்கையில் கறுப்புப் புகையோடு நின்றுவிட்டது! புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர்தான் பழுது என்றேன்.

"திருத்தினா நீயும் என்னோடை பயணம் வா," என்றார்.

அவரிடமிருந்த புதுச் சென்சரை மாட்டினேன். புகைக்குழாய் மூட்டு கசிந்தது. குளியலறைச் சிலிக்கனைப் பூசி அடைத்தேன். காங்கேசன்துறை வரை ஓடித் திரும்பினோம். மறுபடி கறுப்புப் புகை.

கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ்காரர் மூட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "உது கக்கூசுக்குப் பூசிறதடா! சூட்டிலை அது விட்ட ஆவிதான் புதுச் சென்சரையும் பழுதாக்கினது."

அண்ணை கமராவை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சொல்லு தம்பி, உந்த வித்தையை எங்கை படிச்சனி?"

"உங்கடை வீடியோவிலைதான், அண்ணை."

என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். வீடியோ இப்போது வந்திருக்கிறது. ஊரே சிரிக்கிறது. என் பதிலை மட்டும் வெட்டிவிட்டார்.